உடம்பு மேட்டர்ல எது நெஜம், எது உடான்ஸ்? அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் பழைய வண்ணாரப்பேட்டையில பிசியோவா இருக்கேன். சாயங்காலம் ஆனா பக்கத்து தெரு மொட்டமாடி ஜிம்முல பசங்களுக்கு முட்டி, தோள்பட்டை பாத்து உடறது வழக்கம். வலி பத்தி கேக்கறத விட வாட்ஸப்ல வந்தத நீட்டி "அண்ணா, இது நெஜமாணா"ன்னு கேக்கறவங்கதான் ஜாஸ்தி, ஒரே கேள்விக்கு அம்பது தடவ பதில் சொல்லி வாய் வலிச்சுப்போய்தான் இத எழுதறேன். ஒன்னு முன்னாடியே சொல்லிடறேன், நான் எதையும் பாக்கறது ஒரே கணக்குலதான். உடம்பு ஒரு வித்தை காமிச்சா அதுக்கு எங்கயோ ஒரு பில்லு வந்தே தீரும், மூச்சடக்கினாலும் சரி, மூட்டை தூக்கினாலும் சரி. பில்லே வராதுன்னு எவனாவது சொன்னா அங்கதான் எனக்கு டவுட்டு ஆரம்பிக்கும்.

மூளையில 10 சதவீதம்தான் யூஸ் பண்றோம், மீதி 90 தூங்கிட்டு இருக்காமே?

உடான்ஸ். மூளையோட வெயிட்டு உடம்புல வெறும் 2 சதவீதம்தான், ஆனா நீ சும்மா குந்திகினு இருக்கும்போதே உடம்பு செலவு பண்ற சக்தியில கிட்டத்தட்ட 20 சதவீதத்த அதுதான் முழுங்குது. வேலையே செய்யாத 90 பேருக்கு தெனம் பந்தி போட உடம்பு என்ன கல்யாண மண்டபமா? பக்கவாதம் வந்தவங்கள டெய்லி பாக்கறேன், மூளையில ஒரு சின்ன எடத்துக்கு ரத்தம் போகலன்னா கை தூக்க வராது, இல்ல பேச்சு வராது, சில பேருக்கு சோத்து தட்டுல இடது பக்கம் இருக்கறதே தெரியாது, பாதி தட்டு அப்படியே மீந்து கெடக்கும், இவங்க சாப்ட்டு முடிச்சாச்சுன்னு எழுந்துடுவாங்க. மொத்த மூளையும் ஒரே நேரத்துல ஒன்னா ஃபையர் ஆகணும்னு ஆசப்படறவங்களுக்கு ஒன்னு சொல்றேன், அதுக்கு பேரு வலிப்பு.

வலிப்பு வந்தா கையில இரும்பு சாவி குடுத்தா நிக்குதே, நானே பாத்திருக்கேனே?

நீங்க பாத்தது நெஜம், காரணம்தான் தப்பு. முக்கால்வாசி வலிப்பு ஒன்னு ரெண்டு நிமிஷத்துல தானாவே நின்னுடும். கூட்டம் கூடி, சாவி தேடி, கையில திணிக்கறதுக்குள்ள அந்த நேரம் ஓடிப்போயிடும், பேரு சாவிக்கு. ஒருக்களிச்சு படுக்க வைங்க, தலைக்கு கீழ துண்டு மடிச்சு வைங்க, வாயில எதையும் வெக்காதீங்க, கைய கால அமுக்கி புடிக்காதீங்க. 5 நிமிஷம் தாண்டினா 108.

"நடுமூளைய" தூண்டி உட்டா பசங்க கண்ண கட்டிகினு படிப்பாங்களாமே, எங்க ஏரியாவுல கிளாஸ் நடக்குது, சேக்கலாமா?

சேக்காதீங்க. இத கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா எங்க வீட்லயே நடந்துச்சு. அக்கா பொண்ணு ஆறாவது படிக்கறா, ஒரு சென்டர்ல ரெண்டு நாள் கிளாஸ், மாமா ஆட்டோ ஓட்டி ஒரு மாசம் சேத்த துட்டு ஃபீஸா போச்சு. வீட்டுக்கு வந்ததும் கருப்பு துணிய கண்ல கட்டிகினு காய்கறி நோட்டீஸ படிச்சு காமிச்சா, அக்காவுக்கு கண்ணு கலங்கிடுச்சு, பாட்டி திருஷ்டி சுத்த உப்பு எடுக்க போயிட்டாங்க. நான் ஒன்னுதான் கவனிச்சேன், புள்ள பேப்பர மூக்குக்கு கீழதான் புடிக்குது, தலைய லேசா மேல தூக்கி வெச்சுக்குது.

மூக்கு பக்கத்துல எப்பேர்ப்பட்ட துணி கட்னாலும் ஒரு சந்து இருக்கும், நீங்களே கட்டி பாருங்க, கீழ உங்க கால் தெரியும். பேப்பர வாங்கி நெத்திக்கு நேரா மேல தூக்கி புடிச்சேன், ஒரு எழுத்து வரல. இத நான் ஒன்னும் புதுசா கண்டுபுடிக்கல, மங்களூர் நரேந்திர நாயக் மாதிரி பகுத்தறிவுக்காரங்க ஊர் ஊரா மேடை போட்டு இந்த மேட்டர ஒடச்சு காமிச்சிருக்காங்க. நடுமூளைன்னு ஒன்னு நெஜமாவே இருக்கு, ஆனா கண்ணு முழிய அசைக்கறது, வெளிச்சத்துக்கு கண்மணிய சுருக்கறது, முழிச்சிருக்க வெக்கறது இதெல்லாம் அதோட டியூட்டி, பொறந்ததுல இருந்து ஆன்லதான் இருக்கு, அது ஆஃப் ஆயிருந்தா புள்ள கிளாஸுக்கு நடந்து போயிருக்காது, ஐசியூல கெடந்திருக்கும். ராத்திரி அந்த பொண்ணு தனியா வந்து சொன்னா, "மாமா, அங்க எல்லாரும் எட்டிதான் பாக்கறாங்க, சொன்னா மிஸ் திட்டுவாங்க." இதுக்கு வந்த பில்லு ஃபீஸ் மட்டும் இல்ல, பாருங்க.

அப்ப கண்ணு இல்லாம பாக்கறது அல்லாமே பொய்யா?

இல்லியே, அங்கதான் மஜா. அமெரிக்காவுல டேனியல் கிஷ்னு ஒருத்தர், குழந்தையிலயே கண்ணுல கேன்சர் வந்து ரெண்டு கண்ணும் போச்சு. நாக்க சொடுக்கி "டிக் டிக்"னு சத்தம் உட்டு, அது செவுத்துல மரத்துல பட்டு திரும்பி வர்றத கேட்டே எதிர்ல இன்னா இருக்குன்னு சொல்வாரு, வௌவால் மாதிரி. சைக்கிளும் ஓட்டுவாரு. இப்படி பழகினவங்க மூளைய ஸ்கேன் எடுத்தா அந்த எதிரொலிய கேக்கும்போது பார்வைக்கான பகுதி வேலை செய்யறது தெரியுது. சும்மா கெடக்கற எடத்த வேற வேலைக்கு வாடகைக்கு உட்ட மாதிரி. ஆனா இது வருஷக்கணக்கு பழக்கம், ரெண்டு நாள் கிளாஸ் இல்ல.

புள்ளைய காப்பாத்த அம்மா கார தூக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே?

பாதி நெஜம். சாதாரணமா நாம முழு பலத்தோட இழுத்தாலும் மூளை எல்லா தசை நாரையும் ஒன்னா வேலைக்கு கூப்புடாது, கொஞ்சம் கைவசம் வெச்சுக்கும், இல்லன்னா தசைநாண் பிஞ்சு போகும். உயிர் பயத்துல அட்ரினலின் ஏறும்போது அந்த கஞ்சத்தனம் கொறையும், வலியும் தெரியாது. ஆனா "கார தூக்கினாங்க"ன்னா மொத்த காரும் அந்தரத்துல இல்ல, ஒரு சக்கரம் அஞ்சாறு இஞ்ச் எழும்பினா கீழ இருக்கறவன இழுத்துடலாம், மீதி வெயிட்ட மத்த மூனு சக்கரமும் தாங்குது. லேப்ல இத செஞ்சு பாக்கவும் முடியாது, யார் புள்ளைய கார் கீழ வெக்கறது. ஒப்பிட்டுக்க ஒரு நம்பர் சொல்றேன், 2016ல எடி ஹால்னு இங்கிலாந்துக்காரர் 500 கிலோவ தரையில இருந்து தூக்கினாரு, மூக்குல ரத்தம் கொட்டுச்சு, மயங்கிட்டாரு. வருஷம் பூரா அதுக்குன்னே பழகின மனுஷனுக்கே வந்த பில்லு அது.

எங்க தாத்தா ஹார்பர்ல 100 கிலோ மூட்டைய தலையில வெச்சுகினு ஓடுவாராம், அடிச்சு உடறாரா?

தாத்தாவ நம்புங்க. எங்க நைனாவும் அந்த வேலதான், கோணி மூட்டை தூக்கி தூக்கி பின்கழுத்துல ஒரு கொழுப்பு மேடே எழும்பி இருக்கும், நான் சின்ன வயசுல அத புடிச்சுகினுதான் முதுகுல ஏறுவேன்.

தலைச்சுமைக்கு ஒரு ரகசியம் இருக்கு. 1986ல கென்யாவுல தலை மேல சுமக்கற லுவோ இன பெண்களும், நெத்தியில பட்டை போட்டு சுமக்கற கிகுயு இன பெண்களும் நடக்கறப்ப எவ்ளோ ஆக்சிஜன் செலவாகுதுன்னு அளந்தாங்க, தன் எடையில 20 சதவீதம் வரைக்கும் சுமந்தா எக்ஸ்ட்ரா செலவே இல்ல, சும்மா நடக்கற அதே செலவு. கடியார பெண்டுலம் மாதிரி ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு எடைய மாத்தற அந்த நடைதான் காரணம். நேபாளத்துல சுமைகூலிங்க நெத்தியில பட்டை போட்டு முதுகுல சுமப்பாங்க, அவங்கள 2005ல அளந்தப்ப ஆம்பளைங்க சராசரியா தன் எடையில 93 சதவீதம் சுமந்தாங்க, ஒருத்தர் 180 சதவீதத்துக்கும் மேல. அவங்க டெக்னிக்கு மெதுவா போறது, அடிக்கடி நிக்கறது. நம்ம ஊர்ல அந்த நிக்கறதுக்குதான் மேஸ்திரி உட மாட்டாரு.

பில்லு எங்க வருதுன்னா முதுகுத்தண்டு வட்டுல. எந்த மனுஷனும் காலையில எழுந்திருக்கும்போது ராத்திரிய விட ஒரு சென்டிமீட்டர் கிட்ட ஒசரமா இருப்பான், பகல் பூரா நிக்கறதுல வட்டுல இருக்கற தண்ணி பிதுங்கி கொறையும், படுத்தா திரும்ப ஊறும். சும்மா நிக்கறதுக்கே இது. 100 கிலோவ முப்பது வருஷம் சுமந்தவங்க கழுத்து எக்ஸ்ரேவ பாத்திருக்கேன், எங்க நைனாவோடது உள்பட. கை மரத்துப்போய் டீ கிளாஸ புடிக்க முடியாம ரெண்டு கையால புடிப்பாரு.

தண்ணிக்குள்ள எவ்ளோ நேரம் மூச்சடக்கலாம்? காசிமேட்டுல ஒருத்தர் பத்து நிமிஷம் இருப்பாராம்.

பழகாதவங்களுக்கு ஒரு நிமிஷம், முட்டி மோதினா ரெண்டு. உலக சாதனைல பிரான்ஸ்காரர் ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009ல 11 நிமிஷம் 35 செகண்ட் இருந்தாரு, அசையாம, மெதந்துகினு. முன்னாடியே சுத்தமான ஆக்சிஜன் இழுத்துட்டு செய்யறது தனி கணக்கு, குரோஷியாவோட புடிமிர் ஷோபாத் 2021ல 24 நிமிஷம் 37 செகண்ட், 2025ல இன்னொரு குரோஷியாக்காரர் 29 நிமிஷத்த தாண்டிட்டாரு. அதனால பத்து நிமிஷம் மனுஷ உடம்புக்கு முடியாதது இல்ல, ஆனா கீழ நீந்தி, சிக்கின வலைய அறுத்துகினு பத்து நிமிஷம்னா அது டீக்கடை நிமிஷம், வாட்ச்சு நிமிஷம் இல்ல.

முக்கியமான மேட்டரு வேற. மூச்சு முட்டுதுன்னு தோண வெக்கறது ஆக்சிஜன் கொறையறது இல்ல, கார்பன் டை ஆக்சைடு ஏறறது. அதனாலதான் சில பசங்க குதிக்கறதுக்கு முன்னாடி இருவது முப்பது தடவ வேக வேகமா மூச்சு இழுத்து உடறாங்க, அப்ப ரொம்ப நேரம் முட்டாது. ஆனா ஆக்சிஜன் ஒன்னும் பெருசா ஏறல, அலாரத்துல பேட்டரிய கழட்டிட்டாங்க, அவ்ளோதான். அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் தீந்து உள்ளயே மயக்கம், தண்ணிய இழுத்துடும். நல்லா நீச்சல் தெரிஞ்ச பையன், சத்தமே இல்லாம போயிடுவான். தயவு பண்ணி இத செய்யாதீங்க, தனியா மூச்சடக்கி பழகவும் பழகாதீங்க.

இன்னொன்னு, இந்தோனேசியா பக்கம் பஜாவ்னு கடல்லயே வாழற ஜனங்க, தலமொற தலமொறயா கடலுக்குள்ள முங்கி முங்கி மண்ணீரலே பெருசாயிருக்கு, பக்கத்து ஊர்க்காரங்களோடத விட 50 சதவீதம் பெருசுன்னு 2018ல அளந்து சொன்னாங்க. மண்ணீரல் எதுக்குன்னா, முங்கும்போது அது சுருங்கி சேத்து வெச்ச ரத்த அணுக்கள வெளிய தள்ளும், ஒரு ஸ்பேர் டேங்க். நம்ம கிட்டயும் அந்த டேங்க் இருக்கு, சின்னதா.

கடலுக்கு போறப்ப ஒரு கட்டிங் போட்டா குளிர் தெரியாதுல்ல?

தெரியாது, ஆனா குளிரும். சரக்கு தோலுக்கு போற ரத்தக்குழாய விரிக்கும், உள்ள இருக்கற சூடு வெளிய வரும், கதகதன்னு இருக்கும், அதே நேரம் உடம்போட உள்சூடு எறங்கிகினே இருக்கும். போட்ல இருந்து தவறி உழுந்தா இது ரெண்டு மடங்கு ஆபத்து.

கருப்பா இருக்கறவங்க வெயில் தாங்குவாங்க, நமக்கெல்லாம் பழகிப்போச்சு, சரியா?

பழகறது நெஜம், கலருக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்ல. கருப்பு நெறம் புற ஊதாக்கதிர்ல இருந்து தோல காப்பாத்தும், சூட்ட தடுக்காது. வெயில்ல வேல செஞ்சா ஒன்னு ரெண்டு வாரத்துல உடம்பு சீக்கிரம் வேர்க்க கத்துக்கும், வேர்வையில உப்ப கொறச்சுக்கும், அதான் பழக்கம். ஆனா வேர்த்தா மட்டும் பத்தாது, அது காயணும், காயும்போதுதான் சூட்ட எடுத்துகினு போகும். மெட்ராஸ் மே மாசத்துல காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சு கெடக்கறதால வேர்வை காயாம சும்மா சொட்டும், உப்பும் தண்ணியும் போச்சு, சூடு அங்கயே. ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் 35 டிகிரி காமிச்சா எந்த மனுஷனும் ரொம்ப நேரம் தாங்க முடியாதுன்னு கணக்கு போட்டு வெச்சிருந்தாங்க, 2022ல அமெரிக்காவுல இளவட்ட பசங்கள வெச்சு நெஜமாவே சோதிச்சப்ப 31 கிட்டயே உடம்பு கை உட ஆரம்பிச்சிடுச்சு. அதனால கன்டெய்னர் யார்டுல, ரோலிங் மில்லுல வேல செய்யறவங்க "எனக்கு பழக்கம்"னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க. தலை சுத்தி, வேர்வை நின்னு, பேச்சு ஒளறினா நெழலுக்கு இழுத்துட்டு போய் தண்ணி ஊத்தி ஃபேன் போடுங்க, 108க்கு அடிங்க, அதுக்கப்புறம்தான் மத்தது.

சாப்பாடு இல்லாம எத்தன நாள் இருக்கலாம்? காத்த மட்டும் சாப்ட்டு வாழற சாமியார் இருக்காராமே?

காத்துல கலோரி இல்ல, அந்த கதைய உட்டுடுங்க. ஆனா தண்ணி இருந்தா மனுஷன் எவ்ளோ நாள் தாங்குவான்னு நம்ம சரித்திரமே சொல்லுது. ஆந்திரா தனி மாநிலம் கேட்டு இதே மெட்ராஸ்ல பொட்டி ஸ்ரீராமுலு 1952ல 58 நாள் உண்ணாவிரதம் இருந்து செத்துப்போனாரு. தமிழ்நாடுன்னு பேர் வெக்க சொல்லி விருதுநகர்ல சங்கரலிங்கனார் 1956ல எழுவது நாளுக்கு மேல இருந்து உயிர் உட்டாரு. யாழ்ப்பாணம் நல்லூர்ல திலீபன் 1987ல தண்ணியும் தொடல, 12வது நாள் போயிட்டாரு. தண்ணி எவ்ளோ பெரிய விஷயம்னு இந்த மூனு நம்பரே சொல்லிடும். பொதுவா தண்ணி இல்லன்னா மூனு நாள்லயே நெலம மோசமாயிடும், நம்ம வெயிலுக்கு இன்னும் சீக்கிரம்.

இதுக்கு நேர்மாறா ஒரு கதை. ஸ்காட்லாந்துல ஆங்கஸ் பார்பியரின்னு ஒருத்தர் 207 கிலோ இருந்தாரு, 1965ல ஆரம்பிச்சு 382 நாள் சாப்பாடே இல்லாம இருந்து 82 கிலோவுக்கு வந்தாரு. தண்ணி, டீ, காபி, வைட்டமின், உப்பு சத்து, கூடவே டாக்டருங்க. ஒரு கிலோ கொழுப்புல 7000 கலோரிக்கு மேல இருக்கு, அவர் கிட்ட பேங்க் பேலன்ஸ் இருந்துச்சு, எடுத்து செலவு பண்ணாரு. ஒல்லியா இருக்கறவன் இத பாத்துட்டு ஆரம்பிச்சா தசைய கரைச்சு கடைசியில இதயத்து தசை வரைக்கும் வந்து நிக்கும். ரொம்ப நாள் பட்டினி கெடந்தவங்களுக்கு திடீர்னு வயிறு முட்ட சோறு போடறதும் ஆபத்து, ரத்தத்துல பாஸ்பேட் சடார்னு எறங்கி உயிரே போகலாம், கஞ்சியில இருந்துதான் ஆரம்பிக்கணும். நம்ம பாட்டிங்க இத பாஸ்பேட் தெரியாமலே செஞ்சாங்க.

மூனு நாள் தூங்காம வண்டி ஓட்டிருக்கேன், பழகினா தூக்கமே தேவ இல்லியா?

இத கேட்டவரு ட்ரெய்லர் டிரைவர். ஹார்பர் கேட்டு வாசல்ல க்யூவுலயே ராத்திரி போயிடும், அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா பதில் இதுதான்: பழகாது. 1963 டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சு 1964 ஜனவரி வரைக்கும் ராண்டி கார்ட்னர்னு 17 வயசு பையன் கலிபோர்னியாவுல 11 நாள் முழிச்சிருந்தான், எரிச்சல், மறதி, இல்லாதது இருக்கற மாதிரி தோணறது எல்லாம் வந்துச்சு, வயசான காலத்துல தூக்கமே வராம தவிச்சதா அவரே சொன்னாரு. கின்னஸ் இப்ப இந்த சாதனைய ஏத்துக்கறதே இல்ல.

வண்டிக்கு வர்றேன். 17ல இருந்து 19 மணி நேரம் முழிச்சிருந்தாலே ரத்தத்துல 0.05 சதவீதம் சரக்கு இருக்கற மாதிரி கை கால் மந்தமாகும்னு அளந்திருக்காங்க. நம்ம ஊர் சட்டத்துல லிமிட்டு 0.03. அதாவது ஒரு சொட்டு தொடாம, ஊதினா மிஷின்ல ஜீரோ காமிச்சுகினே, குடிச்சவன விட மோசமா ஓட்டறீங்க. அதோட ரெண்டு மூனு செகண்ட் மூளை தானா ஆஃப் ஆகும், கண்ணு தொறந்தே இருக்கும், உங்களுக்கே தெரியாது. 60 கிலோமீட்டர் ஸ்பீடுல மூனு செகண்டுக்கு 50 மீட்டர் யாருமே ஓட்டாம போற வண்டி, எண்ணூர் ரோட்டுல.

தீமிதியில கால் சுடாததுக்கு இன்னா காரணம்? பஜ்ஜி மாஸ்டர் எண்ணெயில கைய உடறாரே?

பக்திய நான் தொட மாட்டேன், எங்க அம்மாவே மிதிச்சிருக்காங்க. கால் மேட்டர மட்டும் பேசறேன். கரியும் சாம்பலும் சூட்ட ரொம்ப மெதுவா கடத்தும், அதே சூட்டுல ஒரு இரும்பு தகடு போட்டிருந்தா மொத அடியிலயே தோல் ஒட்டிக்கும். தோசைக்கல்லோட மரப்பிடிய தொடலாம், கல்ல தொட முடியுமா, அதேதான். ஒவ்வொரு அடியும் அரை செகண்டு கூட படறதில்ல. நின்னா சுடும், தடுக்கி உழுந்தா பயங்கரமா சுடும், விரதம் ஒழுங்கா இருந்தவங்களுக்கும் சுடும், சுட்டவங்க மேல "நீ சுத்தமா இல்ல"ன்னு பழி போடறது மட்டும் எனக்கு சுத்தமா புடிக்காது.

பஜ்ஜி மாஸ்டர் கையில தண்ணியோ மாவோ இருக்கும், 180 டிகிரி எண்ணெயில பட்டதும் அது ஆவியாகி ஒரு மெல்லிசு தடுப்பா நிக்கும், சூடான கல்லுல தண்ணி தெளிச்சா முத்து முத்தா ஓடுது பாருங்க, அந்த வித்தை. அந்த தடுப்பு கண்ணு சிமிட்டற நேரம்தான். வியூஸுக்காக ட்ரை பண்ணாதீங்கபா.

சில பேருக்கு கரண்ட் அடிக்காதாமே?

எல்லாருக்கும் அடிக்கும். காஞ்சி போன, காப்பு காய்ச்ச தோலோட தடை ஒரு லட்சம் ஓம் வரைக்கும் போகும், நனைஞ்சா ஆயிரம் ஓமுக்கு எறங்கிடும். 230 வோல்ட்ட வெச்சு நீங்களே வகுத்து பாருங்க, காஞ்ச கையில 2 மில்லி ஆம்பியர் சொச்சம், ஈர கையில 230. பத்து மேல போனா தசை இறுகி கைய எடுக்கவே முடியாது, நூறு கிட்ட போனா இதயம் தாறுமாறா துடிச்சு நின்னுடும். "எனக்கு அடிக்காது"ன்னு டெஸ்டர் இல்லாம தொட்டு காமிக்கற எலக்ட்ரீசியன் அண்ணன் டிசம்பர் மழையில, முட்டி அளவு தண்ணியில, பில்லர் பாக்ஸ் பக்கத்துல அதே தெகிரியத்துல நின்னா அவ்ளோதான். உடம்பு அதேதான், மாறினது தோல்ல இருக்கற ஈரம்.

பாக்ஸிங்ல அடி வாங்கி வாங்கி தலை ஸ்ட்ராங் ஆகுமா?

கை எலும்பு ஆகும், தலை ஆகாது. எலும்பு தன் மேல உழற பாரத்துக்கு ஏத்த மாதிரி கெட்டிப்படும்னு 1892லயே யூலியஸ் வோல்ஃப் எழுதி வெச்சுட்டாரு, அதனால பேக்ல குத்தறவன் கையில வித்தியாசம் தெரியும். மூளை அப்படி இல்ல, மண்டைக்குள்ள தண்ணியில மெதக்கற இட்லி மாவு பதத்துல ஒரு பொருள். தாடையில அடிச்சா தலை சடார்னு திரும்பும், உள்ள இருக்கறது கூடவே திரும்பாம பின்னாடி இழுபடும், அதான் நாக்அவுட். ரொம்ப வருஷம் அடி வாங்கினவங்க தள்ளாடறத பத்தி 1928லயே ஹாரிசன் மார்ட்லண்டுன்னு ஒரு டாக்டர் எழுதிட்டாரு. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்தத எங்க ஏரியா பெருசுங்க இன்னிக்கும் கண்ணு மின்ன பேசுவாங்க, நாலு வருஷம் கழிச்சு அவருக்கு பார்கின்சன்னு டாக்டருங்க சொன்னத யாரும் அந்த பேச்சுல சேக்க மாட்டாங்க. அடியாலதான் வந்துச்சான்னு டாக்டருங்களுக்குள்ள இன்னும் வாதம் ஓடுது. தலை அடிக்கப்புறம் ரெண்டு வாரம் ஸ்பாரிங் கெடையாதுன்னு நான் சொன்னா மூஞ்ச சுளிக்காதீங்க, அதுக்குதான் இவ்ளோ சொன்னேன்.

அப்புறம் "அடி வர்றத பாத்து தப்பிச்சேன்"கறதும் சும்மா. கண்ணுல பட்டு கை அசைய 0.2 செகண்ட் ஆகும், ஓட்டப்பந்தயத்துல துப்பாக்கி சத்தத்துக்கு 0.1 செகண்டுக்குள்ள கெளம்பினா சத்தம் கேட்டு கெளம்பலன்னு அவுட்டே குடுத்துடறாங்க. நல்ல பாக்ஸர் கைய பாக்கறதில்ல, எதிராளி தோள், இடுப்பு அசையறத பாத்து முன்கூட்டியே யூகிக்கறான்.

கேரம் ஆடறவங்க "கைக்கே ஞாபகம் இருக்கு"ன்னு சொல்றாங்க, கைக்கு ஏதுணா மூளை?

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக்கோப்பையில மூனு தங்கம் அடிச்சதுல இருந்து இந்த கேள்வி தெனம் வருது. ஞாபகம் கையில இல்ல, மூளையிலதான், ஆனா நீ நேத்து இன்னா சாப்ட்டன்னு வெச்சிருக்கற எடத்துல இல்ல, வேற எடத்துல. இது எப்படி தெரிஞ்சதுன்னா, ஹென்றி மொலைசன்னு ஒரு அமெரிக்கர், வலிப்புக்காக 1953ல மூளையில ஆபரேஷன் பண்ணதுல புது ஞாபகமே தங்காம போச்சு, அஞ்சு நிமிஷம் முன்னாடி பாத்த ஆள தெரியாது. அவர கண்ணாடியில பாத்துகினே ஒரு நட்சத்திரத்த பென்சிலால சுத்தி வரைய வெச்சாங்க பிரெண்டா மில்னர்னு ஒரு மூளை ஆராய்ச்சிக்காரம்மா. தெனமும் "இத நான் செஞ்சதே இல்லியே"ன்னுதான் ஆரம்பிப்பாரு, ஆனா கை தெனமும் முந்தின நாள விட சுத்தமா வரையும். ஆளு மறந்துட்டாரு, பழக்கம் மறக்கல. ஸ்ட்ரைக்கர தொட்டதும் வெரல் தானா கோணம் புடிக்குது பாரு, அதேதான், என்னா, அதுக்கு ஆயிரக்கணக்குல போர்டு ஆடி இருக்கணும்.

சொடக்கு எடுத்தா மூட்டு தேயுமா, தும்மும்போது இதயம் நிக்குமா, ஷேவ் பண்ணா முடி அடர்த்தியா வருமா, செத்தப்புறம் நகம் வளருமா?

மொத்தமா சொல்லிடறேன், மூச்சு வாங்காம படிங்க. டொனால்ட் அங்கர்னு ஒரு டாக்டர் அறுவது வருஷம் இடது கையில மட்டும் சொடக்கு எடுத்து வலது கைய சும்மா உட்டு பாத்தாரு, ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு, 2009ல அதுக்கு காமெடி நோபல் குடுத்தாங்க, ஒரே ஒரு ஆளுதான், இருந்தாலும் அந்த பொறுமைக்கு ஒரு சலாம். தும்மும்போது இதயம் நிக்காது, துடிப்போட இடைவெளி கொஞ்சம் மாறலாம், நூறு ஆயுசுன்னு சொல்றத நிறுத்த வேணாம், கேக்க நல்லாதான் இருக்கு. ஷேவ் பண்ணா நுனி மழுங்கி சொரசொரன்னு இருக்கும், வேர் தோலுக்கு அடியில, பிளேடு அங்க போறதே இல்ல. செத்தப்புறம் நகம் வளராது, தோல் காஞ்சு சுருங்கறதால நீண்ட மாதிரி தெரியும். நாக்க சுருட்டறது பரம்பரைன்னு ஸ்கூல்ல சொல்லி குடுத்தாங்களே, அச்சு அசல் இரட்டையர்லயே ஒருத்தருக்கு வருது ஒருத்தருக்கு வரல, முடிஞ்சுது. உன்ன நீயே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியாதுங்கறது நெஜம், உன் கை எங்க போகுதுன்னு சிறுமூளைக்கு முன்னாடியே தெரியும்.

நடுவெரல மடக்கி டேபிள்ல கைய வெச்சா மோதிரவெரல மட்டும் தூக்க வரல, எதுனா நரம்பு கோளாறாணா?

இல்லபா, முக்கால்வாசி பேருக்கு வராது. வெரல நீட்டற தசைநாண்ங்க புறங்கையில ஒன்னுக்கொன்னு குறுக்கு கயிறு போட்டு கட்டின மாதிரி இருக்கு, நடுவெரல மடக்கினா அந்த கயிறு மோதிரவெரலையும் சேத்து இழுத்து புடிச்சுக்கும். கட்டவெரல், ஆள்காட்டி வெரல், சுண்டுவெரல் எல்லாம் தூக்க வரும், பாருங்க. எதையும் மடக்காம சாதாரணமாவே மோதிரவெரலும் சுண்டுவெரலும் நீட்ட வரல, தொங்குதுன்னா மட்டும் அது வேற மேட்டரு, நேரா நரம்பு டாக்டர்கிட்ட போங்க, மொட்டமாடிக்கு வராதீங்க.